பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு லெப்டொப்: எப்போது வாங்குவது, எதை வாங்குவது?

உயர்தரப் பெறுபேறு வெளியாகி ஒரு வாரம் போவதற்குள் கணினிக் கடைகளில் வாப்பாமாரையும் பிள்ளைகளையும் சோடி சோடியாகக் காணலாம். பிள்ளை நன்றாகச் சித்தியடைந்திருக்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாமா ஒருவர் ‘இனி பிள்ளைக்கு ஒரு லெப்டொப் எடுத்துக் கொடுங்க’ என்று சொல்லியிருப்பார். அடுத்த நாளே கடையை மகனிடமோ மச்சானிடமோ ஒப்படைத்துவிட்டு, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவுக்கோ ஊர் நகரத்திலுள்ள கடைக்கோ புறப்பட்டு விடுகிறார்கள்.

புடைவையை விரலால் தடவிப் பார்த்தே தரத்தைச் சொல்லக்கூடியவர்கள் எமது வியாபாரிகள். மூட்டையிலிருந்து ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களே லெப்டொப் கடைக்குள் நுழைந்ததும், மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் என்று எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தெரியாத சரக்கு என்ற பயம்தான் காரணம். உண்மையில் இதுவும் மற்ற எல்லாச் சரக்கையும் போன்றதுதான். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு விடயம். பெறுபேறு வந்த வாரத்தில் லெப்டொப் வாங்க வேண்டாம்.

எமது நாட்டில் உயர்தரப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழகத்தின் முதல் விரிவுரைக்கும் இடையில் நீண்ட காலம் செல்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இசட் வெட்டுப்புள்ளி வெளிவர வேண்டும், பீடம் தெரியவர வேண்டும், பதிவு முடிய வேண்டும். எல்லாம் முடிய மாதக்கணக்காகும். சில தொகுதி மாணவர்கள் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்திருக்கிறார்கள். ஆனால் கடைக்காரர் தரும் ஒரு வருட உத்தரவாதம் பில் எழுதிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். பிள்ளை அதில் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உத்தரவாதம் கரைந்து, முதலாம் வருடத்தின் முதல் ஒப்படை எழுத உட்காரும் நேரத்தில் காலாவதியாகியிருக்கும். பெருநாள் சரக்கை ஒரு வருடத்துக்கு முன்பே கொள்வனவு செய்து களஞ்சியத்தில் வைப்பாரா ஒரு புடைவை வியாபாரி? இடைக்காலத்தில் கணினி வகுப்புக்கோ ஆங்கில வகுப்புக்கோ போகும் பிள்ளைக்கு வீட்டிலுள்ள பழைய இயந்திரம் போதுமானது.

காத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தப் பீடம் என்று தெரியாமல் எந்த லெப்டொப் என்று சொல்ல முடியாது.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய கற்கைகள், கலை, முகாமைத்துவம் போன்ற பீடங்களுக்குச் செல்லும் மாணவருக்கு வேண்டியது கட்டுரை எழுதுவது, பவர்பொயின்ட் தயாரிப்பது, பீ.டீ.எஃப் நூல்களை வாசிப்பது, சூம் வகுப்பில் இருப்பது, எக்ஸெல் போடுவது. இதற்கு 8 ஜீ.பி ரெம், 256 ஜீ.பி எஸ்.எஸ்.டி உள்ள சாதாரண இயந்திரம் நான்கு வருடம் தாராளமாக ஓடும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் அலங்காரமே. பொறியியல் மாணவரின் கதை வேறு. பேராதனை, மொரட்டுவை, ஒலுவில் என எங்கு போனாலும் ஒட்டோகேட், சொலிட்வேர்க்ஸ், மெட்லெப் போன்ற கனமான மென்பொருள்கள் வரும். 16 ஜீ.பி ரெம் வேண்டும். கட்டடக்கலை மாணவருக்குத் தனியான கிரபிக்ஸ் அட்டையும் தேவைப்படலாம். கணினி விஞ்ஞான மாணவருக்கு 16 ஜீ.பி ரெம் அவசியம், கிரபிக்ஸ் அட்டை பெரும்பாலும் அவசியமில்லை. மருத்துவ பீடத்துக்குப் போகும் மகளுக்குப் பாரமில்லாத, பற்றரி நீடிக்கும் இயந்திரமே முக்கியம்.

அதே பீடத்தில் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் படிக்கும் ஊர்ப்பிள்ளை ஒருவரிடம் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேளுங்கள். கடைக்காரர் சொல்வதை விட அந்தப் பிள்ளை சொல்வது பெறுமதியானது. அவருக்கு விற்க ஒன்றுமில்லை.

‘கேம்’ விளையாடும் லெப்டொப்பைத் ‘தேவைக்கு’ என்று கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல் பாரம், பற்றரி சில மணித்தியாலங்களே தாங்கும். விடுதி அறையில் பலருக்கு ஒரு மின் செருகி என்ற நிலையில் அது படிப்புக்கு உதவாது.

ஸ்டிக்கர் சொல்லாத கதை

‘ஐ5 மெஷின்’ என்று கடைக்காரர் சொன்னதும் நம்மவர்கள் திருப்தியடைந்து விடுகிறார்கள். ஐ3 ஐ விட ஐ5 நல்லது, ஐ5 ஐ விட ஐ7 நல்லது என்ற கணக்கு ஒரே தலைமுறைக்குள் மட்டுமே பொருந்தும். இன்டெல் நிறுவனத்தின் ஐ5-6300யூ என்ற புரொசஸர் 2015 இல் வந்தது. அதற்குள் இரண்டு கோர்கள்தான். 2022 இல் வந்த ஐ3-1215யூ இல் ஆறு கோர்கள். ஆக, ‘ஐ3’ என்று முகம் சுளிக்கும் இயந்திரம் ‘ஐ5’ என்று பெருமையாக விற்கப்படும் பழையதைப் பல மடங்கு முந்தும். கோடுக்குப் பின்னால் வரும் இலக்கங்களைப் பாருங்கள். 6300 என்றால் 6 ஆம் தலைமுறை, 8350 என்றால் 8 ஆம் தலைமுறை, 1135 என்றால் 11 ஆம், 1215 என்றால் 12 ஆம் தலைமுறை. பில்லில் ‘கோர் ஐ5’ என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம். முழு இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

ஏ.எம்.டி நிறுவனத்தின் ரைசன் நல்ல சரக்கு. அங்கும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளேயுள்ள வடிவமைப்பின் வயதைக் காட்டுகிறது. ரைசன் 5 7520யூ கேட்பதற்குப் புத்தம் புதியதாகத் தோன்றும். அதன் உள்ளே இருப்பதோ 2019 இல் வந்த வடிவமைப்பு. 7530யூ அதற்கு அடுத்தது. பெயரில் ஒரேயொரு இலக்கம் மாறினாலும் சரக்கு வேறு.

புதிய லெப்டொப்புகளில் மிக மலிவாகக் கிடைப்பவை செலரோன் வகையைச் சேர்ந்தவை. பளபளப்பான பெட்டி, ஒரு வருட உத்தரவாதம், விலையும் கைக்கு அடக்கம். பெரும்பாலும் 4 ஜீ.பி ரெம்மும் 64 அல்லது 128 ஜீ.பி ஈஎம்எம்சி சேமிப்பும் இருக்கும். இந்த ஈஎம்எம்சி என்பது எஸ்.எஸ்.டி போல வேகமானதல்ல, பலகையிலேயே ஒட்டப்பட்டிருப்பதால் மாற்றவும் முடியாது. விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளுமே 64 ஜீ.பியில் பெரும் பங்கை விழுங்கிவிடும். முதலாம் வருடம் முடிவதற்குள் பிள்ளை ‘வாப்பா, இது திறக்கவே பத்து நிமிடம் எடுக்கிறது’ என்று சொல்லும். மலிவாக வாங்கியது என்று நினைத்தது இரண்டாவது லெப்டொப்பின் முற்பணமாகிவிடும்.

ரெம் பற்றி ஒரு வார்த்தை. சில இயந்திரங்களில் ரெம் பலகையோடு ஒட்டியே வருகிறது, பிறகு கூட்ட முடியாது. சிலவற்றில் ஒரு வெற்று இடம் இருக்கும். 8 ஜீ.பி வாங்குபவர் ‘பின்னர் 16 ஆக்கலாமா?’ என்று கட்டாயம் கேட்க வேண்டும். 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் கேள்வி காரணமாக உலகச் சந்தையில் ரெம் விலை கடுமையாக ஏறியது. எனவே ‘பிறகு மலிவாகப் போட்டுக் கொள்ளலாம்’ என்ற பழைய கணக்கை நம்பியிருப்பது புத்தியல்ல. பொறியியல் மாணவருக்கு முதலிலேயே 16 ஜீ.பி எடுத்து விடுவது நல்லது.

புதியதா, பாவித்ததா?

2021 இல் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்ட பின் மே மாதமளவில் 360 வரை போய், 2024, 2025 ஆம் ஆண்டுகளில் 300 ஐ அண்டி நின்றது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதமாகியது. மூத்த மகனுக்கு எடுத்த விலையை மனதில் வைத்துக்கொண்டு இளைய மகளுக்கு எடுக்கப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். ஆகவேதான் பாவித்த லெப்டொப்பை நோக்கி மக்கள் திரும்பியிருக்கிறார்கள். அதில் தவறில்லை. வெளிநாட்டுக் கம்பனிகள் மூன்று நான்கு வருடம் பாவித்துவிட்டுக் கழிக்கும் திங்க்பேட், லெட்டிடியூட், எலைட்புக் போன்ற அலுவலக இயந்திரங்கள் டுபாய், சிங்கப்பூர் வழியாக இங்கு வருகின்றன. உறுதியான உடல், நல்ல விசைப்பலகை, உதிரிப்பாகமும் தாராளமாகக் கிடைக்கும். புதிய செலரோனையும் இவற்றையும் ஒரே விலையில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இவற்றையே எடுக்கலாம்.

கண்ணை மூடக் கூடாத இடம் ஒன்று உண்டு. அது விண்டோஸ். மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர்களுக்கான பாதுகாப்பு நீடிப்பும் ஒரு வருடத்துக்கே அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 6 ஆம், 7 ஆம் தலைமுறை இயந்திரங்களை உலகமெங்கும் கம்பனிகள் கூட்டம் கூட்டமாகக் கழித்ததற்கு இது முக்கிய காரணம். அவர்கள் கழித்தது நம் சந்தைக்கு வந்து சேர்கிறது. ‘விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்’ என்று கடைக்காரர் சொல்லலாம். சுற்றுவழியில் போடவும் முடியும். ஆனால் அதை மைக்ரோசொப்ட் பொறுப்பேற்பதில்லை, பெரிய புதுப்பிப்புகள் வரும்போது சிக்கல் வரும். நான்கு வருடப் படிப்புக்கு வாங்கும் பொருளுக்கு இது பொருந்தாது. 8 ஆம் தலைமுறைக்குக் கீழே எதையும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், எடுக்க வேண்டாம். முடியுமானால் 10, 11 ஆம் தலைமுறைக்கே போங்கள். வியாபாரிகள் தங்கள் கடையில் பில் போடும் கணினியையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்ப்பது நல்லது.

விலையை மாதக் கணக்காகப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும். கீழே உள்ளவை கணக்குக்காக வைத்துக்கொண்ட தொகைகள், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். 180,000 ரூபாவுக்குப் புதிய, தரமான ஐ3 ஒன்று நான்கு வருடம் ஓடினால் மாதத்துக்கு 3,750 ரூபா. 110,000 ரூபாவின் செலரோன் 18 மாதத்தில் கைவிட்டால் மாதத்துக்கு 6,100 ரூபாவுக்கு மேல். 90,000 ரூபாவுக்குப் பாவித்த அலுவலக இயந்திரம் எடுத்து, இடையில் 15,000 ரூபாவுக்குப் பற்றரி மாற்றி நான்கு வருடம் ஓட்டினால் மாதத்துக்குச் சுமார் 2,200 ரூபா. அது இரண்டே வருடத்தில் நின்றுவிட்டாலும், பற்றரி மாற்றாதவரை, புதியதன் அதே 3,750 தான். அதாவது பாவித்ததை நன்றாகப் பரிசோதித்து எடுத்தவர் தோற்பது கடினம். பரிசோதிக்காமல் எடுத்தவர் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கடையில் அரை மணித்தியாலம்

பாவித்த லெப்டொப்பின் பலவீனம் பற்றரிதான். ‘மூன்று மணித்தியாலம் நிற்கும்’ என்ற வாய்வார்த்தையை விடுங்கள். விண்டோஸ் தானே பற்றரி அறிக்கை ஒன்றைத் தயாரித்துத் தரும், கடையிலுள்ள தம்பியிடம் அதை எடுக்கச் சொல்லுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தயாரிக்கும்போது இருந்த கொள்ளளவு, மற்றது இன்று முழுமையாக ஏற்றினால் தாங்கும் அளவு. 50,000 க்கு 40,000 என்றால் நல்லது. 50,000 க்கு 20,000 என்றால் புதிய பற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதை அனுபவித்த நாட்டில் பற்றரியை அலட்சியம் செய்ய முடியாது.

அடுத்தது பூட்டு. கம்பனிகள் தமது இயந்திரங்களைத் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்தும் வகையில் பதிவு செய்து வைப்பதுண்டு. பதிவை நீக்காமல் விற்கப்பட்ட இயந்திரம் கடையில் ஒழுங்காக இயங்கும். ஆறு மாதத்துக்குப் பின் விண்டோஸைப் புதிதாகப் போடும்போது எங்கோ உள்ள ஒரு கம்பனியின் பெயரைக் காட்டி அதன் கடவுச்சொல்லைக் கேட்கும். பிறகு வெளியே வர வழியில்லை. எனவே உங்கள் முன்னாலேயே இணையத்தில் இணைத்து, விண்டோஸை முழுமையாக மீளமைத்துக் காட்டச் சொல்லுங்கள். பயோஸ் பகுதிக்குள் கடவுச்சொல் இல்லாமல் போக முடிகிறதா என்றும் பாருங்கள். இதற்கு மறுக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மற்றவை கண்ணுக்கும் கைக்கும் தெரியும். மூடியைப் பல தடவை திறந்து மூடிக் கீலைப் பாருங்கள். வெள்ளைத் திரை, கறுப்புத் திரை வைத்துப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். திரையின் அளவு 1920க்கு 1080 ஆக இருக்கட்டும், 1366க்கு 768 திரையில் நாள் முழுவதும் வாசிக்கும் பிள்ளையின் கண் பாவம். எல்லா எழுத்தையும் தட்டிப் பாருங்கள். ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வந்த விசைப்பலகை மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள், சில மாதத்தில் அது உரிந்துவிடும். சாஜரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்க வேண்டும். யூ.எஸ்.பி சீ வழியாக மின்னேற்றக் கூடியதாயின் மேலும் வசதி, சாஜர் தொலைந்தாலும் சமாளிக்கலாம்.

விலைக்குள் விண்டோஸ் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். புதிய லெப்டொப்பின் விலைப்பட்டியலில் ‘டொஸ்’ என்று இருந்தால் விண்டோஸ் உரிமம் அதில் இல்லை, அதனால்தான் விலை குறைவு. கடையில் ‘சும்மா’ போட்டுத் தரும் உடைத்த விண்டோஸும் ஒபிஸும் பிறருடைய சரக்கை விலை கொடுக்காமல் எடுப்பது என்பது ஒருபுறம், அவற்றோடு வைரஸும் வருவது மறுபுறம். பல பல்கலைக்கழகங்கள் மாணவரின் மின்னஞ்சல் முகவரிக்கு மைக்ரோசொப்ட் ஒபிஸை இலவசமாகத் தருகின்றன. ஒட்டோகேட்டும் மாணவர்களுக்கு இலவசம். லிப்ரே ஒபிஸ் எல்லோருக்கும் இலவசம்.

பணம் கொடுக்கும் வழி

கடன் அட்டையில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று விளம்பரம் இருக்கும். அட்டைக்காக வங்கி கடையிடம் தரகு எடுக்கிறது என்பது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் தரகு எங்கே ஏறியிருக்கும் என்பதும் தெரியும். ரொக்க விலையையும் தவணை விலையையும் ஒரே மூச்சில் கேளுங்கள். தவணை ஒன்று பிந்தினால் வட்டி சேரும் என்ற நிபந்தனையையும் வாசித்துப் பாருங்கள். வட்டியைத் தவிர்க்க விரும்பி முறாபஹா அடிப்படையில் வாங்குபவர்கள், வங்கி முதலில் பொருளை உண்மையாகவே வாங்குகிறதா, அதன் இலாபம் எவ்வளவு என்று ஆரம்பத்திலேயே ரூபாவில் தெளிவாகச் சொல்கிறதா என்று கேட்க வேண்டும்.

வசதியில்லாத மாணவர்களுக்கு லெப்டொப் வழங்க முன்வரும் வியாபாரிகளும் ஊர்ச் சங்கங்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் சூம் வழியாக நடந்தபோது எத்தனையோ பிள்ளைகள் கைத்தொலைபேசியிலேயே காலத்தை ஓட்டினார்கள். விரிவுரையை அதில் கேட்கலாம், நாற்பது பக்க ஒப்படையை எழுத முடியாது. அப்படியான பிள்ளைக்கு ஒரு தொகையில் இருபது செலரோன் வாங்கிக் கொடுப்பதை விடப் பன்னிரண்டு நல்ல இயந்திரம் கொடுப்பது மேல். வாங்கிய பிள்ளை அது மெதுவாக ஓடுகிறது என்று கொடுத்தவரிடம் வந்து சொல்லாது. வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடும்.

கடைசியாகப் பில். இயந்திரத்தின் தொடரிலக்கம், புரொசஸரின் முழு இலக்கம், ரெம், எஸ்.எஸ்.டி அளவு, உத்தரவாதக் காலம் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உத்தரவாதம் தயாரிப்பு நிறுவனத்தின் உள்நாட்டு முகவருடையதா, கடையுடையதா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். கடையின் உத்தரவாதம் கடை இருக்கும்வரைதான். பற்றரிக்கும் சாஜருக்கும் தனிக் காலம் உண்டா என்று கேட்டு அதையும் எழுத வையுங்கள். விற்றவர் பொறுப்பை மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அங்கும் முதலில் கேட்பது பில்லைத்தான். வீட்டுக்கு வந்ததும் அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பிள்ளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். வெப்பத்தில் அச்சாகும் கடைப் பில்லின் எழுத்து ஒரு வருடத்துக்குள் மங்கிவிடும்.